நான் கேட்காமல் பாராட்டிய இறுவட்டு

1

லண்டனில் லூயிஷாம் சந்தையின் கடைசி மூலையில் சனிக்கிழமைகளில் ஒருவர் பழைய சாமான் மேசை போடுவார். கைப்பிடி உடைந்த தேநீர்ப் பாத்திரம், யாரோ ஒருவருடைய தாத்தாவின் கண்ணாடி, பாதி எரிந்த வாசனை மெழுகுதிரி. கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் நான் அங்கே நிற்பதுண்டு. வாங்குவதற்கல்ல. மற்றவர்கள் வேண்டாமென்று எறிந்ததைப் பார்த்தால் என் வீடு அவ்வளவு மோசமில்லை என்று ஓர் ஆறுதல்.

போன மாதம் அந்த மேசையில் தங்க நிறக் கடதாசியில் சுற்றி, சிவப்பு ரிபன் கட்டிய ஒரு சிறிய பொதி கிடந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மேசைக்காரர் ஒரு மூலையை மட்டும் கிழித்திருந்தார். அந்தக் கிழிசல் வழியாக என் மனைவியின் இடது கண் என்னைப் பார்த்தது.

ரிபனில் ஒரு சிறிய அட்டை தொங்கியது. 'பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு, அன்புடன்.' எழுத்து என்னுடையது. அந்த எழுத்தை நாற்பது பொதிகளில் எழுதிக் கை வலித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மேசைக்காரர் ஒரு பவுண் என்றார். ஏதோ உங்கள் சமயப் பாட்டாக இருக்கும் என்று எனக்கே விளக்கமும் தந்தார். வாங்கிப் பைக்குள் போட்டேன். ரயிலில் வரும்போது அந்த அட்டையைத் திரும்பத் திரும்ப எடுத்து வாசித்தேன்.

2

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். நான் ஒரு கவுன்சிலில் வேலை செய்கிறேன். வாகனம் நிறுத்தியதற்கு அபராதம் விழுந்தவர்கள் கண்ணீரோடு எழுதும் கடிதங்களை வாசித்து, 'உங்கள் நிலைமையை முழுமையாகக் கவனத்தில் எடுத்தோம்' என்று மறுப்புக் கடிதம் எழுதுவது என் தொழில். முழுமையாகக் கவனத்தில் எடுப்பதற்கு ஒரு கடிதத்துக்கு நான்கு நிமிடம் தருகிறார்கள். மிச்ச நேரத்தில் நான் ஓர் எழுத்தாளன், பேச்சாளன்.

என் மனைவி வதனிக்கு எட்மண்டனில் ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை. வயது ஐம்பத்து நான்கு. அவள் கன்ட்ரி மியூசிக் பாடுகிறவள். அமெரிக்க விவசாயிகளும் லொறிக்காரர்களும், மனைவி விட்டுப் போனவர்களும் கிற்றாரோடு பாடுகிற பாட்டு.

எப்படி இது எங்கள் வீட்டுக்குள் வந்தது என்று கேட்பீர்கள். நாங்கள் பின்னேரங்களில் கிரிக்கெட் அடித்த காலத்தில், வதனியின் தகப்பனார் பின்னேரங்களில் ரேடியோவில் ஆங்கில ஒலிபரப்பைத் திருப்பிவிட்டுச் சாய்மனைக் கதிரையில் படுத்துவிடுவாராம். அவருக்கு ஆங்கிலம் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டுகளில் வருகிறவனுக்கும் தன்னைப் போலக் கடன்காரர் தொல்லை இருக்கிறது என்பது மட்டும் விளங்கியதாம். பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகளுக்குப் பாட்டு முழுவதும் பாடமாகியது. பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் அவளுக்கு மட்டுமட்டாகப் பாஸாகிற எஸ்தான். ஆனால் லண்டனுக்கு வந்து இறங்கும்போது விஸ்கி, சிறைச்சாலை, சரக்கு ரயில் எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் தெரிந்திருந்தது. பற்பசைக்குத் தெரியாது. வந்த புதிதில் நெஞ்செரிவு என்று டொக்டரிடம் கூட்டிப் போனேன். என்ன செய்கிறது என்று அவர் கேட்க, எனது இதயம் உடைந்துவிட்டது என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னாள். டொக்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஈ.சி.ஜி.க்கு எழுதினார்.

பிள்ளை வளர்ந்து வெளியே போன பிறகு மாலை வகுப்பில் கிற்றார் பழகினாள். ஆர்ச்வேயில் ஒரு பப்பின் மேல்மாடியில் ஞாயிறு பின்னேரங்களில் கூடும் கன்ட்ரி ஆட்களோடு சேர்ந்தாள். பிறகு தானே பாட்டு எழுதினாள். மூன்று வருடமாக விடுமுறை நாட்களில் லூயிஷாமில் ரயில் பாலத்துக்குக் கீழே இருக்கும் ஒரு சிறிய ஸ்ரூடியோவில் ஒன்பது பாட்டுகளைப் பதிவுசெய்தாள். இறுவட்டின், அதாவது சீடியின், பெயர் 'கடைக்கு மேல் வீடு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். நாங்கள் முதன்முதலில் குடியிருந்தது எட்மண்டனில் ஒரு கோழிப் பொரியல் கடைக்கு மேலே.

எங்கள் மகன் செந்தூரனுக்கு இருபத்து நான்கு வயது. முதலில் அவனுக்குத்தான் வெட்கம் வந்தது. "அம்மா, நோ ஒஃபென்ஸ், பட் திஸ் இஸ் நொட் அவர் மியூசிக்" என்றான்.

"நீ காதுக்குள்ளை செருகி வைச்சிருக்கிற ராப் எங்கடை ஊர் கரவெட்டியிலை இருந்தோ தம்பி வந்தது?" என்று கேட்டாள் வதனி. அதோடு அந்த விவாதம் முடிந்தது.

நான் என்ன சொன்னேன்? நல்லது, செய்யும் என்றேன். வீட்டில் யாராவது எதையாவது செய்யும்போது அதைச் சொல்லிவிட்டு என் எழுத்து மேசைக்குத் திரும்புவது வழக்கம்.

3

இறுவட்டு வந்ததும் பப்பின் மேல்மாடியிலேயே பாடிவிட்டால் காணும் என்றாள். நான் விடவில்லை. நாற்பத்து மூன்று நூல்களுக்கு வெளியீட்டு மேடையில் நயவுரை செய்தவனுடைய மனைவியின் இறுவட்டு பியர் மணக்கும் அறையில் வெளிவருவதா? சனம் என்ன சொல்லும்? எட்மண்டனில் ஒரு மண்டபம் பிடித்தேன். ஞாயிறு பின்னேரம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை.

எங்கள் வெளியீட்டு விழா எப்படி நடக்கும் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊரில் நடப்பதுதான். இங்கே ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள் என்பது மட்டும் வித்தியாசம்.

மூன்று மணிக்கு ஆரம்பித்தோம். மங்கல விளக்கை ஏற்றப் பதினொரு பேர் சோடி சோடியாக வந்தார்கள். பதினோராவது ஆளுக்குச் சோடி இல்லாததால் மண்டபக் காவலாளியின் கையில் மெழுகுதிரியைக் கொடுத்தோம். மௌன அஞ்சலி. வரவேற்புரை. ஆசியுரை. வாழ்த்துரை மூன்று. ஒருவர் பண்ணிசையின் தொன்மையை ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். வேறொருவர், இந்தக் குரல் தேவாரத்துக்கென்றே படைக்கப்பட்டது, அடுத்த இறுவட்டில் சகோதரி வழிதவற மாட்டார் என நம்புகிறேன் என்றார். எங்கள் சங்கத் தலைவர் பேசும்போது வதனியை இரண்டு தரம் மாலதி என்று அழைத்தார். பிறகு சிறப்புப் பிரதி வழங்கல். நான் இரவிரவாகத் தங்கக் கடதாசியில் சுற்றிய நாற்பது பொதிகளை, பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக மேடைக்கு வந்து வாங்கி, கமராவைப் பார்த்து நின்றுவிட்டுப் போனார்கள். இந்தச் சடங்கில் பொதியைப் பிரிப்பது என்ற கட்டமே கிடையாது.

வதனியோடு வாசிக்கிற மூன்று பேரும் இரண்டு மணிக்கே வந்து வாத்தியங்களைச் சுருதி சேர்த்துவைத்துவிட்டுப் பின் வரிசையில் இருந்தார்கள். வடையைக் கடதாசித் துவாயில் பிடித்துச் சாப்பிட்டபடி, அடுத்தது நாங்களா என்று கண்ணால் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்தது நான்.

நயவுரைக்கு என்னிடம் ஒரு செய்முறை உண்டு. முன்னுரையை வாசிப்பது, பின் அட்டையை வாசிப்பது, பொருளடக்கத்தில் மூன்று தலைப்பைப் பிடிப்பது, நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தை விரித்து ஒரு வரி எடுப்பது. மிச்சம் நகைச்சுவை. நாற்பத்து மூன்று எழுத்தாளர்களில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை; நாற்பத்து மூன்று பேரும் கட்டிப்பிடித்து, என் நூலை என்னைவிட ஆழமாக வாசித்திருக்கிறீர்கள் என்றார்கள். இறுவட்டில் பொருளடக்கம் இன்னும் வசதி. பின்னட்டையில் ஒன்பது தலைப்பும் ஒரே பார்வையில்.

நாலாவது தலைப்பு 'யெலோ வுல்'. மஞ்சள் கம்பளி நூல். பார்த்தவுடன் எனக்கு வழி தெரிந்துவிட்டது. அகதியின் முதல் மாரி. லண்டன் குளிருக்கு நாலு சுவெட்டர் போட்டு இலைக்கு மேல் இலை சுற்றிய முட்டைக்கோவா மாதிரி நான் உருண்ட கதையைச் சொன்னேன். மனைவி ஆசையாகப் பின்னித் தந்த மஞ்சள் சுவெட்டரோடு வேலைக்குப் போக, வீதி திருத்த வந்தவன் என்று நினைத்து மனேஜர் என் கையில் மண் அள்ளுகிற சவளைத் தந்ததாகச் சொன்னேன். மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து இன்னும் ஐந்து நிமிடம் நீட்டினேன்.

வதனி எனக்கு ஒருபோதும் சுவெட்டர் பின்னித் தந்ததில்லை.

நாற்பது நிமிடம் பேசினேன். இறங்கும்போது ஆறுக்கு எட்டு நிமிடம். காவலாளி திறப்புக் கோர்வையைக் கிலுக்கிக்கொண்டு கதவடியில் நின்றார். ஏற்புரைக்கு வதனியை அழைத்தார்கள். பொன்னாடைகள் மூன்று தோளிலிருந்து வழுக, ஒலிவாங்கியைப் பிடித்து, "எல்லாருக்கும் நன்றி" என்றாள். பின் வரிசையில் மூன்று பேரும் வாத்தியங்களைப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

ஒரு பாட்டு வெளியீட்டு விழாவில் ஒரு பாட்டுக்கூடப் பாடப்படவில்லை. அது எனக்கு அன்று உறைக்கவே இல்லை. காரில் வரும்போது, என்ரை பேச்சு எப்படி என்று அவளைக் கேட்டேன். அப்படிக் கேட்கக் கூடிய ஆள் நான்.

"சனம் நல்லாச் சிரிச்சது" என்றாள்.

4

லூயிஷாம் பொதியோடு வீட்டுக்கு வந்தபோது வதனி குசினியில் கணவாய் மீன் துப்பரவாக்கிக்கொண்டிருந்தாள். பொதியை மேசையில் போட்டு, தலைவருடைய வம்சத்தை நான் அறிந்த அளவுக்கு விபரித்தேன்.

"பாரும், ஒரு மனுசன் இப்பிடிச் செய்வானே? ஒரு பாட்டுக் கேக்கேல்லை. கடதாசியைக் கூடப் பிரிக்கேல்லை. சீ."

அவள் கணவாயின் மை படிந்த கையோடு திரும்பினாள். "நீங்கள் கேட்டனீங்களோ?"

"நான் நாப்பது நிமிசம் பேசினனான்."

"அது தெரியும். கேட்டனீங்களோ எண்டுதான் கேட்டனான்."

"ஓம்" என்றேன்.

"அப்ப நாலாவது பாட்டு என்னத்தைப் பற்றினது, சொல்லுங்கோ பாப்பம்?"

குளிர் என்றேன். வந்த புதிது என்றேன். சுவெட்டர் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். வேலையிலே தினமும் மற்றவர்களின் பொய்க் கடிதங்களை வாசிக்கிறவன்; என் பொய் எவ்வளவு மட்டமானது என்று எனக்கே தெரிந்தது.

அவள் கையைக் கழுவினாள். நிதானமாக, விரலிடுக்கெல்லாம் தேய்த்து. மேசை லாச்சியைத் திறந்து நாலு பக்கத்தில் மூலையில் கம்பி அடித்த ஒரு செய்தித்தாளை எடுத்து வந்தாள். கன்ட்ரி இசைக்காரர்களுக்காக பிராங்க் என்கிற ஓய்வுபெற்ற லொறிச் சாரதி தானே தட்டச்சுச் செய்து, பிரதி எடுத்து அனுப்பும் தாள்.

"வாசியுங்கோ. உங்களுக்கு வாசிக்கிறதுதானே லேசு."

மூன்றாம் பக்கத்தில் அவளுடைய இறுவட்டைப் பற்றி எழுதியிருந்தார். முதலிரண்டு பாட்டிலும் ஸ்ரீல் கிற்றார் சத்தம் அளவுக்கு அதிகம். ஆறாவது பாட்டில் வரும் ரயில் பலர் பாடித் தேய்ந்த ரயில். இந்தப் பெண்மணி பாடும்போது சொற்களின் கடைசி எழுத்தை விழுங்குவதில்லை, அது கேட்கப் புதிதாக இருக்கிறது. நான் நாற்பது நிமிடத்தில் சொல்லாத மூன்று விஷயங்கள் நாலு வரிக்குள் முடிந்துவிட்டன. பிறகு நாலாவது பாட்டுக்கு வந்தார். அதைக் கேட்டபோது காரை வீதியோரத்தில் நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தார். பிள்ளைக்காக மஞ்சள் நூலில் மேற்சட்டை பின்னுகிற ஒரு தாய். ஒரு கை முடிந்து மறு கை பாதியில் நிற்கும்போதே பிள்ளை அவசரப்பட்டுப் பிறந்துவிடுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு நாள் இருக்கிறது. அந்த இரண்டு நாளும் தாய் கட்டிலில் இருந்து மறு கையைப் பின்னுகிறாள், முடித்தால் பிள்ளை தங்கிவிடும் என்று. இவ்வளவையும் ஒரு தரம்கூடக் குரலை உயர்த்தாமல் பாடியிருக்கிறார் என்று முடித்திருந்தார்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன், செந்தூரனுக்கு முன், எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்து இரண்டு நாள் இருந்தது. அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. கதைக்காமல் இருந்தால் அவளுக்கு நல்லது என்று நான் தீர்மானித்திருந்தேன். வீட்டுத் தீர்மானங்கள் என் பொறுப்பில் இருந்தன.

தாளை மேசையில் வைத்து, எப்ப எழுதினனீர் என்று கேட்டேன்.

"இருவத்தாறு வருசமா" என்றாள். பிறகு கணவாய்ப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டியபடி சொன்னாள்: "நீங்கள் மேடையிலை சுவெட்டர்க் கதை சொல்லேக்கை நானும் சிரிச்சனான். போட்டோவிலை பாருங்கோ, வடிவாய்த் தெரியும்."

பார்த்தேன். தெரிகிறது.

5

வீட்டுக்குள் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. காருக்குள் போய் இருந்து கேட்டேன். ஒன்பது பாட்டும். நாலாவதை ஐந்து தரம்.

தலைவர் மீது வந்த அருவருப்பு அதிக நேரம் அவரிடம் நிற்கவில்லை. அந்த மனுசன் கேட்காததைக் கேட்டேன் என்று சொல்லவில்லை. வாங்கினார், படத்துக்கு நின்றார், எறிந்தார். நான் கேட்காமலே மேடையேறி, மனைவியின் மடியில் கிடந்த பிள்ளையை எடுத்துச் சனத்துக்குப் பகிடி காட்டியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். இருபது வருடமாக என்னிடம் புத்தகம் தந்து காத்திருந்த நாற்பத்து மூன்று பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். அவர்களில் எத்தனை பேர் புத்தகத்துக்குள் யாரைப் புதைத்து வைத்திருந்தார்களோ.

அந்தப் பாட்டில் நானும் ஒரு வரி வருகிறேன். வார்ட் நடையில் நின்று தாதியிடம் பேனை இரவல் கேட்கிற ஆள். அவ்வளவுதான். அந்த வரியில் கோபம்கூட இல்லை.

6

ஆர்ச்வேக்கு நானும் வரட்டோ என்று அடுத்த ஞாயிறு கேட்டேன்.

"வாறதெண்டால் வாங்கோ. பேச வேண்டாம்" என்றாள்.

செந்தூரனும் வந்தான். ஸ்ரேஷனிலிருந்து நடக்கும்போது என் தோளில் கைபோட்டு, "அப்பா, ஜஸ்ட் லிசின், ஓகே?" என்று சிறு பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னான். பக்கத்து மேட்டில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போய்வரும் தெரிந்த முகம் எதுவும் எதிர்ப்படக் கூடாது என்று நான் நேர்ந்துகொண்டே நடந்தேன். புத்தி அவ்வளவு சீக்கிரம் திருந்துமா?

மேல்மாடியில் பத்தொன்பது பேர். விளக்கு ஏற்றவில்லை. ஒருவரும் வரவேற்கவில்லை. மெலிந்த, உயரமான ஒரு கிழவர் எழுந்து, இனி வதனி என்றார். பெயர் சரியாக இருந்தது. அவர்தான் பிராங்க். அவள் ஐந்து பாட்டுப் பாடினாள். நாலாவது பாட்டை மூன்றாவதாகப் பாடினாள். முடிந்ததும் சற்று நேரம் ஒருவரும் கைதட்டவில்லை. எங்கள் மண்டபத்தில் என்றால் அந்த இடைவெளியில் அறிவிப்பாளர் புகுந்து கார் இலக்கம் ஒன்றை வாசித்திருப்பார்.

இடைவேளையில் பிராங்க் எங்கள் மேசைக்கு வந்து அமர்ந்தார். நான்தான் கணவன் என்று வதனி சொன்னாள். அவர் கை கொடுத்தார். என்னைப் பார்த்த பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பேனை கேட்ட ஆள் இவன்தானா என்று மட்டும் பார்த்தது போல எனக்குப் பட்டது. அவர் தன் கிளாசைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, தப்பாக நினைக்கக் கூடாது, பாட்டில் அது வரவில்லை, பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தீர்களா என்று கேட்டார்.

அவர் வதனியைத்தான் கேட்டார். வதனி என்னைப் பார்த்தாள்.

இரண்டு நாள் இருந்த பிள்ளைக்கும் இந்த நாட்டில் பிறப்பையும் பதிய வேண்டும், இறப்பையும் பதிய வேண்டும். வதனி வார்ட்டில் படுத்திருந்தாள். பதிவு அலுவலகத்துக்கு நான் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், பெயர் கட்டாயமில்லை, வெறுமையாக விடலாம், கோடு போட்டுவிடுவேன் என்று தன்மையாகச் சொன்னாள். கோடு போட எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெயர் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு பத்திரங்களிலும் அவள் அதை எழுதினாள். வீட்டுக்கு வந்த பிறகு வதனி, பேப்பர் எல்லாம் முடிஞ்சுதோ என்று கேட்டாள். முடிஞ்சுது என்றேன். பத்திரங்களைக் கோப்பில் காஸ் பில்லுக்கும் ஹோம் ஒபிஸ் கடிதத்துக்கும் நடுவில் வைத்தேன். அவள் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. நான் சொல்லவுமில்லை. முதல் கிழமை சொல்ல ஏலவில்லை. ஒரு வருடம் போன பிறகு, ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பிராங்க் காத்திருந்தார். செந்தூரன் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தான். நாற்பது நிமிடம் தடுக்காமல் ஓடும் என் வாய்க்கு மூன்று எழுத்தைச் சொல்லத் தண்ணீர் வேண்டியிருந்தது.

"எழில்" என்றேன்.

பிராங்க் மெதுவாகத் தலையை ஆட்டினார். வதனி அவரைப் பார்க்கவில்லை. அறையில் பத்தொன்பது பேர் இருப்பதையே மறந்தவள் போல என் பக்கம் சரிந்து, தமிழில், மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"என்ன பேர் எண்டு சொன்னனீங்கள்?"

சொன்னேன்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."